இணை இயக்குநரின் முன்கைத் தசை

பெட்டியைத் திறந்ததுதான் பலராமன் செய்த குற்றம்.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் விமானதளத்தின் மதிலை ஒட்டியிருந்த அரசு மேல்நிலைப் பள்ளியில் அவர் அறிவியல் ஆசிரியர். மதிலுக்கு அந்தப் பக்கம் விமானம் வருவது அபூர்வம். இந்தப் பக்கம் ஆய்வகத்துக்குக் கருவி வருவது அதைவிட அபூர்வம். இரண்டுக்கும் எல்லோரும் பழகிப்போயிருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு 2008ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் பிரான்ஸிலிருக்கும் ஏதோ ஒரு நட்புறவுச் சங்கத்திடமிருந்து அட்டைப்பெட்டி ஒன்று வந்து இறங்கினால் ஒரு மனிதர் என்னதான் செய்வார்? திறந்துவிட்டார்.

உள்ளே பொட்டு மாதிரி தோலில் ஒட்டிக்கொள்ளும் வில்லைகள், ஒயர்கள், திருகு வைத்த சின்னக் கருவி, ஒரு மஞ்சள் பல்பு. கையேடு பிரெஞ்சில் இருந்தது. படங்களை மட்டும் பார்த்துப் புரிந்துகொண்ட பலராமன், பதினோராம் வகுப்பில் முதல் பெஞ்சிலிருந்த அன்புசெல்வியைக் கூப்பிட்டு முழங்கைக்குக் கீழே வில்லைகளை ஒட்டினார். ஒயரின் மறுமுனையைக் கணினியில் செருகினார்.

"கைய மூடு."

அன்புசெல்வி விரல்களை மடக்கினாள். திரையில் தூங்கிக்கொண்டிருந்த கோடு எழுந்து ஒரு குன்றானது. இன்னும் இறுக்கினாள். குன்று வளர்ந்தது, பல்பு பளிச்சென்று எரிந்தது. வகுப்பே பெஞ்சின்மேல் ஏறி நின்றது.

"இந்தக் கோடு அனலாக். நீ எவ்ளோ இறுக்கறியோ அவ்ளோ உயரம் போவும். பல்பு டிஜிட்டல். திருகுல ஒரு அளவு வச்சிருக்கேன். அத தாண்டுனா எரியும், தாண்டலன்னா எரியாது. நடுவுல ஒன்னும் கெடையாது."

அன்புசெல்வி கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குருசுக்குப்பத்துப் பெண், அப்பாவுக்கு மீன்பிடித் தொழில்.

"கடல்ல அலை இருக்குதா இல்லியான்னு கேட்டா அது பல்பு, இல்ல சார்? எவ்ளோ அலைன்னு கேட்டா அது கோடு. எங்கப்பா பல்ப பாத்து படக எறக்கமாட்டாரு."

தன் பதினேழு வருஷப் பாடத்தில் இப்படி ஒரு பதில் வந்ததில்லையே என்று பலராமன் சந்தோஷப்பட்டு முடிக்கவில்லை. வாசலில் தலைமையாசிரியர் தெய்வநாயகம் நின்றிருந்தார். அவருடைய தாத்தா பிரெஞ்சுக்காரர் காலத்தில் மேரி என்ற நகராட்சி அலுவலகத்தில் வேலை பார்த்தவர் என்பதால், பயம் வந்தால் அவருக்குப் பிரெஞ்சுதான் முதலில் வரும்.

"மொந்தியே! தொறப்பு விழா நடக்காத பெட்டிய தொறந்துட்டீரா?"

"பாடம் நடத்தத்தான சார் அனுப்பியிருக்காங்க?"

"அதுக்கு முன்னாடி விழா நடத்தணும்யா. நெல்லித்தோப்புல ஒரு வாத்தியாரு மைக்ராஸ்கோப்புல விழாவுக்கு முன்னாடி ஒரு வெங்காயத் தோல பாத்துட்டாரு. இப்ப எங்க இருக்காரு தெரியுமா? ஏனாம்ல."

ஏனாம் நம் புதுச்சேரிதான். நம் முத்திரை, நம் சம்பளம், நம் அடையாள அட்டை. ஆனால் ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போய், ஆந்திராவுக்குள் இறங்கி, தெலுங்கில் வழி கேட்டுத்தான் அந்தப் புதுச்சேரிக்குப் போக முடியும். சாரம் பகுதியில் இருந்த வீட்டில் அவர் மனைவி தனக்கொடி ஏழாம் மாதம். கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை. ஐப்பசியில் பிரசவம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஐப்பசியில் தான் எங்கே இருக்கப்போகிறோம் என்பதுதான் அன்று முதல் பலராமனின் ஒரே கேள்வி.

*

பெட்டி மறுபடி மூடப்பட்டு, திறக்கப்படாததுபோல் ஒட்டப்பட்டது. விழாவுக்கான ஆலோசனைக் கூட்டம் இணை இயக்குநர் ஆதிமூலத்தின் அறையில் நடந்தது. அவருடைய நாற்காலியில் வெள்ளைத் துண்டு. அவருக்கு வலப்பக்கம் கண்காணிப்பாளர் முத்துவேல். இணை இயக்குநர் நினைப்பதை அவருக்கு முன்பே சொல்லிவிடுவது முத்துவேலின் பணி.

"இதுல இன்னா சொல்லிக் குடுக்கப்போறீங்க?" என்றார் ஆதிமூலம்.

பலராமன் சொன்னார். கூடிக் குறைவது அனலாக். உண்டு, இல்லை என்று இரண்டே பதில் சொல்வது டிஜிட்டல்.

ஆதிமூலம் பேசவில்லை. மின்விசிறி சுற்றுவதை எல்லோரும் கேட்டார்கள். ஒரு மனிதர் எதையுமே நினைக்காமல் இவ்வளவு நேரம் சும்மா இருக்க முடியுமா என்று பலராமனுக்குத் தோன்றியது. பிறகு, இதுதான் தகுதி போலிருக்கிறது என்றும் தோன்றியது.

"உண்டு, இல்லன்னு நேரடியா சொல்றதா?" என்றார் ஆதிமூலம் கடைசியில். "அரசுப் பள்ளியிலயா?"

"பல்புதான் சார் சொல்லுது."

"பல்பும் அரசாங்கச் சொத்துதான. என் சர்வீஸ் முழுக்க நான் ஆமான்னும் எழுதுனதில்ல, இல்லன்னும் எழுதுனதில்ல. 'ஆவன செய்யப்படும்'னுதான் எழுதியிருக்கேன். அதனாலதான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். எனக்கு அனலாக்கும் வேணாம், டிஜிட்டலும் வேணாம். ரெண்டுக்கும் நடுவுல ஒன்னு பாருங்க."

"நடுவுல ஒன்னு," என்று முத்துவேல் குறித்துக்கொண்டார்.

அடுத்து, யார் தசை முதலில் என்ற கேள்வி எழுந்தது. மாணவி ஒருத்தியின் தசை என்று பலராமன் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"குத்துவிளக்க மாணவியா ஏத்துவா?" என்று முத்துவேல் திரும்பினார். "வாத்தியாரே, இது விளக்கேத்துற நிகழ்ச்சி. குத்துவிளக்குக்குப் பதிலா தசைவிளக்கு. அஞ்சு திரி இருந்தா அஞ்சு அதிகாரிங்க ஏத்தலாம். ஒரே பல்ப அனுப்பிட்டான் பிரெஞ்சுக்காரன். அதனால அய்யா மட்டும்தான்."

"அய்யா கைய இறுக்கி மூடணும்," என்றார் பலராமன்.

அறையில் ஒரு குளிர் பரவியது. போன வருஷம் ஊழியர்கள் இந்த அலுவலக வாசலில் கையை உயர்த்திக் கோஷம் போட்ட பிறகு, அலுவலக வளாகத்திலும் அரசு விழாக்களிலும் எந்தப் பணியாளரும் முஷ்டி மடக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. கையெழுத்திட்டவர் ஆதிமூலம். அதற்குப் பிறகு அந்த அலுவலகத்தில் டீ கிளாஸைக்கூட இரண்டு விரலால்தான் தூக்குகிறார்கள் என்று சொல்வார்கள்.

"நானே மடக்குனா, நானே எனக்கு மெமோ குடுக்கணும்," என்றார் ஆதிமூலம்.

"குடுக்கலாம்ங்கய்யா, ஆனா பதில் யாரு எழுதறது?" என்றார் முத்துவேல்.

"வேற எப்படி தசை இறுகும்?" என்று பலராமனைக் கேட்டார் ஆதிமூலம்.

"பேனாவ அழுத்தி எழுதுனா கொஞ்சம் இறுகும் சார். மேடையில ஒரு கையெழுத்து…"

"யோவ்! கையெழுத்துப் போட்டா எதுக்குப் போட்டோம்னு கேள்வி வரும். நான் போட்ட எந்தக் கையெழுத்துக்கும் இதுவரைக்கும் நான் பொறுப்பானதில்ல. அந்தப் பேர இப்ப கெடுத்துக்க வேணாம்."

ரொம்ப நேரம் கழித்து வழி கிடைத்தது. வணக்கம். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து அழுத்தினால் முன்கைத் தசை இறுகும். மரபும் ஆச்சு, விதியையும் மீறவில்லை. மாணவர்களைப் பார்த்து அய்யா வணக்கம் சொல்வார், பல்பு எரியும்.

எல்லோரும் எழுந்தபோது ஆதிமூலம் பலராமனை மட்டும் நிற்கச் சொன்னார்.

"எரியுமில்ல?"

"எரியும் சார்."

"எரியலன்னா, ஏனாம்ல ஒரு அறிவியல் வாத்தியார் எடம் காலியா கெடக்கு. புள்ளைங்க பாவம்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் தனக்கொடி சிரித்துவிட்டாள்.

"வணக்கம் சொல்லத் தெரியாத மனுஷன் யாருங்க இருப்பாங்க? எரியும், போங்க. போய் சாப்புடுங்க."

*

விழா நாளன்று பள்ளி மைதானத்தில் ஷாமியானா. திரைக்கு வெள்ளைப் போர்வை கட்டி, புரொஜெக்டர் வைத்து, கணினியில் ஓடும் கோடு எல்லோருக்கும் தெரியும்படி ஏற்பாடு. கருவிக்குப் பூஜை போட வேண்டும் என்று முத்துவேல் சொன்னார். புதுக் காருக்குச் செய்வதுபோல நாலு மூலைக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். கருவியின் முன்பக்கம் முழுக்கச் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தார்.

"சார், அங்க திருகு இருக்கு," என்றார் பலராமன்.

"சாமிக்கு முன்னாடி திருகு இன்னாய்யா திருகு."

ஆதிமூலம் சஃபாரியில் வந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திய பொன்னாடையை விலக்கி, பலராமன் அவர் முன்கையைத் துடைத்து வில்லைகளை ஒட்டினார். தெய்வநாயகம் மைக்கில் அறிவித்தார்:

"இப்பொழுது நமது மாண்புமிகு இணை இயக்குநர் அவர்கள், தமது பொற்கரத்திலுள்ள தசையினால் விளக்கேற்றுவார்கள்!"

நாதஸ்வர கேசட் ஓடியது. ஆதிமூலம் மாணவர்களைப் பார்த்தார். இரண்டு கைகளும் ஒன்றையொன்று நோக்கிப் புறப்பட்டு, நெஞ்சுக்கு எதிரே, ஒன்றின்மேல் ஒன்று பட்டதா படவில்லையா என்று சொல்ல முடியாத ஓர் இடத்தில் நின்றன.

போர்வையில் கோடு அசையவில்லை. விடியற்காலைக் குளம்போல் கிடந்தது. பல்பு இருண்டிருந்தது.

கேசட் நின்றது. ஷாமியானாவின் ஓரம் காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. பலராமனுக்குத் தன் வாழ்க்கையில் எத்தனையோ மௌனங்கள் பிடித்திருந்தன. வீட்டு மாடியில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது வருவது ஒன்று, தேர்வு அறையில் பிள்ளைகள் எழுதும்போது வருவது ஒன்று. இது அந்த வகையில் சேரவில்லை. இது தெலுங்கில் இருந்தது.

"கொஞ்சம் அழுத்தி, சார்," என்றார் மெதுவாக.

"அழுத்திதான இருக்கேன்."

"இன்னும் கொஞ்சம்…"

"யோவ், இதுக்கு மேல அழுத்துனா அது கும்பிடு," என்று ஆதிமூலம் பல்லைக் கடித்தார். மைக் அவர் வாய்க்குப் பக்கத்தில் இருந்ததால் மைதானம் முழுக்கக் கேட்டது. "பசங்களுக்கு எவ்ளோ வைக்கணுமோ அவ்ளோதான் வைக்க முடியும். அதுக்குன்னு ஒரு மொறை இல்லியா?"

தெய்வநாயகம் பலராமனின் காதருகே வந்தார். "திருகுய்யா! அளவ கொறச்சு வச்சுட்டா எதுக்கும் எரியுமில்ல? கொற!"

அது பொய்தான். திருகை அடிவரைக்கும் இறக்கினால் சும்மா இருக்கும் கைக்கும் பல்பு எரியும். அப்படி எரிகிற பல்பு எதையுமே சொல்லாது. பலராமனுக்கு அது தெரியும். ஐப்பசியும் தெரியும். அவர் கை திருகுக்குப் போனது. பிடித்துத் திருப்பினார். அசையவில்லை. வெயிலில் காய்ந்த சந்தனம் திருகைக் கருவியோடு கருவியாக இறுக்கி வைத்திருந்தது. நகத்தால் சுரண்டினார். முத்துவேல் பதறினார்: "சந்தனத்த சுரண்டாதய்யா, அபசகுனம்!"

அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது.

விமானதளத்தில் அமைச்சருடைய ஹெலிகாப்டருக்காகக் கல்வித் துறைச் செயலர் காத்திருந்தார். ஹெலிகாப்டர் தாமதம். வெயிலுக்கு ஒதுங்கவும் முகம் கழுவவும் பக்கத்தில் ஏதாவது அரசுக் கட்டடம் உண்டா என்று கேட்டிருக்கிறார். அதைக் கேள்விப்பட்ட இயக்குநர், செயலருக்கு முன்னால் போய் நின்றுவிட வேண்டும் என்று விழுந்தடித்து வந்திருந்தார்.

இயக்குநரைப் பார்த்ததும் ஆதிமூலம் எழுந்தார். கைகள் தாமாகச் சேர்ந்தன. போர்வையில் கோடு துள்ளி எழுந்து ஒரு குன்றாகி நின்றது. பல்பு எரிந்தது.

மைதானம் ஆரவாரித்தது. தெய்வநாயகம் பலராமனைக் கட்டிப்பிடித்தார். "எரிஞ்சுடுச்சு! எரிஞ்சுடுச்சுய்யா!"

கைதட்டல் ஓய்வதற்குள் இரண்டாவது காரிலிருந்து செயலர் இறங்கினார். ஆதிமூலத்தின் முதுகு வளைந்தது, முழங்கைகள் விலாவோடு ஒட்டின, விரல் நுனிகள் வெளுத்தன. போர்வையில் எழுந்த கோடு குன்றைத் தாண்டி மலையாகி, போர்வையின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டு நடுங்கியது. பல்பு அதேபோல எரிந்தது.

செயலர் மேடைக்கு வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அமைதியான மனிதர். போர்வையைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார்.

"இது என்ன?"

ஆதிமூலம் மைக்கைப் பிடித்தார். "அனலாக், டிஜிட்டல் ஆகிய இருபெரும் துறைகளிலும் நமது துறை ஆவன செய்து வருகிறது. அனலாக்கை டிஜிட்டலாகவும், டிஜிட்டலைத் தேவைக்கேற்ப அனலாக்காகவும் மேம்படுத்த ஒரு நடுநிலைத் திட்டம் பரிசீலனையில் உள்ளது. அதன் வேறுபாடுகள் உரிய நேரத்தில் அறிவிக்கப்படும்."

"வேறுபாடு இப்பவே தெரிஞ்சா நல்லா இருக்கும்," என்றார் செயலர். முன்வரிசையைப் பார்த்தார். "யாராவது சொல்றீங்களா?"

அன்புசெல்வி எழுந்தாள். பலராமன் கண்ணாலேயே வேண்டாம் என்றார். நல்லா சொல்லு என்கிறார் போல என்று அவள் எடுத்துக்கொண்டாள். மேடைக்கு வந்து, போர்வையில் இன்னும் தங்கியிருந்த கோட்டைக் குச்சியால் தொட்டாள்.

"இது இணை இயக்குநர் சார் எங்களுக்கு வணக்கம் சொன்னது. கோடு எழல. பல்பும் எரியல. இது டைரக்டர் சாருக்குச் சொன்னது. இவ்ளோ ஒசரம். பல்பு எரிஞ்சுது. இது உங்களுக்குச் சொன்னது. போர்வையே பத்தல. ஆனா பல்பு அதே மாதிரிதான் எரிஞ்சுது. வணக்கம் இருக்குதா இல்லியான்னு பல்பு சொல்லும் சார், அது டிஜிட்டல். யாருக்கு எவ்ளோன்னு கோடு சொல்லும். அது அனலாக்."

இயக்குநர் தன் குன்றையும் பக்கத்திலிருந்த மலையையும் மாறி மாறிப் பார்த்தார். தனக்கு இவ்வளவுதானா என்று அவர் முகம் கேட்டது.

செயலர் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "இந்த மாதிரி ஒரு பாடத்த நான் கேட்டதே இல்ல. எங்கய்யா அந்த வாத்தியார்? வாங்க. என் கையிலயும் ஒட்டுங்க, பாப்போம்."

பலராமன் வில்லையை எடுத்துக்கொண்டு போனார். செயலர் சட்டைக் கையை மடித்தார். அந்த நேரம் அவருடைய செல்போன் அடித்தது. அமைச்சர் இறங்கிவிட்டார்.

செயலர் மடித்த கையை இறக்கிவிட்டார். நீட்டிய முன்கை மெதுவாக முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"அப்புறம் பாத்துக்கலாம்," என்றார். "நல்ல சோதனை. துறையில எல்லா அலுவலருக்கும் செய்யணும். இந்த ஆசிரியர் தலைமையில ஒரு குழு போடுங்க. மூப்பு வரிசைப்படி ஆரம்பிங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். பலராமன் வில்லையோடு திரும்பிப் பார்த்தார். மேடையிலிருந்த அத்தனை அதிகாரிகளும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள்.

*

மறுவாரம் ஆதிமூலம் பலராமனைக் கூப்பிட்டனுப்பினார். பேசும்போதெல்லாம் முன்கையைத் தடவிக்கொண்டார்.

"ஏனாம் ஆர்டர டைப் அடிச்சு வச்சாச்சு. ஆனா உங்கள மாத்த முடியல."

"ஏன் சார்?"

"நீங்கதான குழுத் தலைவர்? குழு வேலைய முடிக்கறவரைக்கும் தலைவர மாத்தக்கூடாது. குழுவ ஆரம்பிக்கணும்னா மூப்பு வரிசை. அது மேலருந்து கீழயா, கீழருந்து மேலயான்னு செயலர் சொல்லல. மேலருந்துன்னா அவருதான் மொதல்ல கை நீட்டணும். அத அவருகிட்ட யாரு கேக்கறது? முத்துவேலு கேட்டு ஒரு குறிப்பு அனுப்புனான்."

"பதில் வந்துச்சா சார்?"

"'நேரில் பேசவும்'னு வந்துச்சு. நேர்ல பேசணுமேன்னு முத்துவேலு லீவு போட்டுட்டான்." ஆதிமூலம் பெருமூச்சு விட்டார். "அதனால நீங்க இப்ப மாற்றலும் இல்ல, மாற்றல் இல்லாமலும் இல்ல. நடுவுல இருக்கீங்க."

அவர் வாழ்நாள் முழுக்கத் தேடிய நடுநிலை கடைசியில் ஓர் அறிவியல் வாத்தியாருக்குக் கிடைத்துவிட்டதில் அவருக்கு லேசான பொறாமைகூட இருந்தது.

"இன்னாங்க, ஏனாம் உண்டா, இல்லியா?" என்று வாசலிலேயே கேட்டாள் தனக்கொடி.

"அதுக்கு பல்புல பதில் இல்ல. கோட்டுலதான் இருக்கு."

"கோடு எப்படி இருக்கு?"

"படுத்திருக்கு. இந்த அரசாங்கம் இருக்கறவரைக்கும் எழுந்துக்காதுன்னு நெனைக்கிறேன்."

ஐப்பசியில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், பெண் குழந்தை பிறந்தது. பலராமன் பக்கத்தில்தான் இருந்தார். குழந்தை இரண்டு கைகளையும் இறுக்கி மூடிக்கொண்டு வந்திருந்தது. அது பணியாளர் இல்லாததால் சுற்றறிக்கை அதற்குப் பொருந்தவில்லை.

பெட்டி இப்போது ஆய்வக மேசைமேல் திறந்தே இருக்கிறது. எடுத்துப் பூட்டி வைக்கவும் யாராவது அதிகாரி நேரில் வந்தாக வேண்டும். யாரும் வருவதில்லை. ஒரு தடவை மட்டும், பொங்கலுக்கு முன்னால், தேர்வு மையம் பார்க்க ஆதிமூலம் வர வேண்டியதாகிவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டே வராந்தாவில் நடந்தார். பதினோராம் வகுப்பைக் கடக்கும்போது பிள்ளைகள் எழுந்து, "வணக்கம் சார்" என்றார்கள். சொல்லிவிட்டு எல்லோரும் ஒரே மாதிரி, அவர் முகத்தைப் பார்க்காமல், முழங்கைக்குக் கீழே பார்த்தார்கள்.

ஆதிமூலம் நின்றார். கைகளை முன்னால் கொண்டுவந்தார். உள்ளங்கை இரண்டையும் சேர்த்தார். அழுத்தினார். முன்கையில் நரம்பு புடைத்தது. காது சிவந்தது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வேகமாகப் போய்விட்டார்.

கரும்பலகை அருகே நின்றிருந்த பலராமன் வகுப்பின் பக்கம் திரும்பினார்.

"பல்பு கண்டிப்பா எரிஞ்சிருக்கும் சார்," என்றாள் அன்புசெல்வி. கொஞ்சம் யோசித்தாள். "கோடு எவ்ளோன்னுதான் தெரியல."